செக்போஸ்ட் அக்காவின் எதிர் நாற்காலி

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் முதலில் தண்ணீர் பாட்டிலை எதிர் நாற்காலியில் வைப்பாள், யாருக்கோ இடம் பிடித்து வைப்பதுபோல. பல வருஷப் பழக்கம். ஒரு காலத்தில் நிஜமாகவே ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

ஆபீசில் அவளுக்குச் செக்போஸ்ட் அக்கா என்று பெயர். யார் யாரோ எழுதி வைத்த புரோகிராம் துண்டுகளை, அதாவது பேக்கேஜ்களை, கோத்துத்தான் அங்கே சாஃப்ட்வேர் செய்வார்கள். எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு என்பதெல்லாம் அச்சுப் பிசகாமல் லாக் ஃபைல் என்ற பட்டியலில் பூட்டி வைத்திருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பவர்கள் அந்த ஃபைலையும் மாற்றி அனுப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எல்லாவற்றையும் கோத்துச் சாஃப்ட்வேராக்கும் பில்ட், தானாக ஓடுவது, அங்கேயே நின்றுவிடும். அப்படி நிற்கும்படி வைத்தவள் அவள்தான். அந்தத் தடை இல்லாவிட்டால் மெஷின் கைக்குக் கிடைத்த பதிப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். வாடிக்கையாளரிடம் என்ன போய்ச் சேர்ந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

எதிரில் உட்கார்ந்தவள் பக்கத்து டீம் பெண். வாய் ஓயாமல் பேசுவாள். அக்கா தலையாட்டுவாள். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

வாடிக்கையாளருக்குச் சாஃப்ட்வேர் அனுப்பும் ஒரு ரிலீஸ் அன்று அந்தப் பெண்ணின் பில்ட் நின்றுவிட்டது. பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் அந்தத் தடையைத் தூக்கிடுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

"முடியாதும்மா. லாக் ஃபைலைச் சரி பண்ணி அனுப்பு."

பழைய ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு புதுசை மட்டும் சேர்க்கணும் என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். போன வேகத்தில் பழைய ஃபைலையே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கினாள். எல்லாப் பேக்கேஜும் ஒரேயடியாகப் பதிப்பு மாறி, டெஸ்ட்கள் வரிசையாகப் படுத்தன. ரிலீஸ் தள்ளிப்போனது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

சாயங்காலம் அக்கா பழைய ஃபைலை மீட்டு, அந்த ஒன்றை மட்டும் சேர்த்து அனுப்பினாள். பில்ட் ஓடியது.

மறுநாள் மதியம் அந்தப் பெண் டிபன் டப்பாவோடு மேஜையைத் தாண்டிப் போனாள்.

"உங்களுக்குத்தான் துணைக்கு மெஷின் இருக்கேக்கா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தடையைத் தூக்காததற்காக அக்கா ஒருநாளும் வருந்தவில்லை. அன்று எழுந்து அவள் பின்னாலேயே போயிருக்கலாம் என்று மட்டும் கை கழுவும்போது சில நாள் தோன்றும்.

அந்தப் பெண் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறாள். தடை அப்படியே இருக்கிறது. பில்ட் நின்றால் திரையில் அக்கா சேர்த்த ஒரு வரி கூடுதலாக வருகிறது: பழைய ஃபைலை அழிக்காதீர்கள், புதியதை மட்டும் சேருங்கள். அதனால் அக்காவிடம் யாரும் கேட்க வருவதில்லை. பாட்டில் எதிர் நாற்காலியில் இருக்கிறது.