உள்ளூரில் இரண்டு நாள்

எலிசபெத்துக்கு ருசி பார்த்துச் சாப்பிடத் தெரியாது என்பது அவள் கணவன் வின்சென்டின் நெடுநாள் குறை. அவள் பெங்களூர் பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிறவள். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே கொடுக்கிற நேரத்தில் பாதி, கை கழுவ வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். மீதி நேரத்தில் டப்பாவில் இருப்பதை உள்ளே தள்ளிவிட்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதை வின்சென்ட் சொன்ன பிறகுதான் அவள் கவனிப்பாள்.

வின்சென்ட் நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக் வேலை. கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்களில் அவனும் ஒருவன். அப்புறம் கல்யாணமாகி ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் வீடு பிடித்தான். எம்.ஜி. ரோடு பக்கத்துப் பெரிய ஹோட்டல்களின் லிஃப்டெல்லாம் அவன் கை பட்டவை. பின்வாசல் வழியாக உள்ளே போய், மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமில் வேலை பார்த்துவிட்டு அதே பின்வாசல் வழியாக வெளியே வருவான். அந்த அறைகளுக்குப் பக்கத்திலேயேதான் சமையல்கட்டின் புகைபோக்கியும் இருக்கும். "இன்னிக்கி வெண்ணையில பூண்டு வதக்கினாங்க எலிசா. இறாலா இருக்கும்" என்று வீட்டுக்கு வந்து சொல்வான். அவள் தலையாட்டிக்கொண்டே துணி மடிப்பாள்.

ஹைதராபாத் போக வேண்டுமென்பது அவன் ஆசை. சார்மினார், கோட்டை, ஏரி, நடுவில் நாலு நல்ல சாப்பாட்டுக் கடை. எந்தக் கடையில் எந்த வேளைக்குப் போனால் கூட்டம் இருக்காது என்பதுவரை செல்போனில் பார்த்து வைத்திருந்தான். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்த நேரத்தில்தான் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. வேலை நேரத்தில் வாயில் புகையிலை அடக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. புண் ஆறவில்லை. டாக்டர் அதிலிருந்து துளி சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாக்கில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டு, தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைத்தார்கள். கதிர்வீச்சில் எச்சில் வற்றிப்போனது. வயிற்றில் ஒரு குழாய் போட்டு, வேளாவேளைக்குக் கஞ்சியையும் சத்துமாவுப் பாலையும் ஊசிக்குழலில் ஊற்றச் சொன்னார்கள். அவன் பேசுவது எலிசபெத்துக்கும் மகள் ஜோவிதாவுக்கும் மட்டும்தான் புரிந்தது. மகளுக்கும் பாதிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலுக்குப் போய்விட்டு வந்து எலிசபெத் குழாயில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருக்கையில் வின்சென்ட் சொன்னான்.

"ஹைதராபாத் வேணாம். இங்கியே போலாம்."

"இங்கன்னா எங்கங்க?"

"பெங்களூருதான். இத்தினி வருஷமா இருக்கோம். திப்பு அரண்மன பாத்துருக்கியா நீ?"

அவள் பார்த்ததில்லை. லால்பாக் கண்ணாடி மாளிகையைக்கூட ஜோவிதாவின் பள்ளிக்கூட போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு நாள். நடுவுல ஒரு ராத்திரி ஹோட்டல்ல தங்கணும். நான் சொல்ற எடத்துல நீ சாப்பிடணும்."

ஹெப்பகோடியில் கணவனோடு இருக்கும் ஜோவிதா இதைக் கேட்டதும் போனிலேயே அழுதுவிட்டாள். "இதெல்லாம் எதுக்கும்மா? நீ சாப்பிடறத அப்பா பக்கத்துல குந்திகினு பாக்கறதுக்கா?" ஆனாலும் அப்பா கேட்ட ஹோட்டலில் அவளே அறை போட்டுக் கொடுத்தாள். வின்சென்ட் வருடக்கணக்காக லிஃப்ட் பார்த்த ஹோட்டல் அது.

அதற்கப்புறம் பத்து நாள் அவன் முகத்தில் களை வந்தது. காலையில் எங்கே, மதியம் எங்கே, வெயிலுக்கு எங்கே உட்காருவது, கஞ்சி ஊற்ற மறைவான இடம் எங்கே என்று யோசித்து யோசித்துத் திட்டம் போட்டான். நோய் வந்த பிறகு நாளையைப் பற்றி அவன் பேசியது அப்போதுதான்.

கிளம்பிய அன்று காலை மெட்ரோவில் நேஷனல் காலேஜ் ஸ்டேஷனில் இறங்கி, பசவனகுடியில் ஒரு பழைய தோசைக் கடைக்குக் கூட்டிப்போனான். எதிரெதிரே நாலு பேர் உட்காரும் மேசை. அவனுக்கு முன்னால் தண்ணீர் மட்டும். தட்டில் வந்த மசாலா தோசையின் மேல் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது. எலிசபெத் ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, அப்படி ஒரு தோசை. நிமிர்ந்தபோது வின்சென்டின் கண்கள் அவள் கையோடு தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

"எப்டி?"

நன்றாக இருக்கிறது என்று சொன்னால் இந்த மனுஷன் எவ்வளவு ஏங்கிப்போவான் என்று அவள் நினைத்தாள்.

"நம்ம தெருமுனைக் கடையே பரவால்ல. ஒரே எண்ண."

அவன் மெல்லத் தலையாட்டினான்.

திப்பு அரண்மனையின் மரத்தூண்களை அண்ணாந்து பார்த்தபடி அவன் நிறைய நேரம் நின்றான். கஞ்சி வேளை வந்தது. தோட்டத்துப் பெஞ்சில் வழிக்கு முதுகைக் காட்டி அவனை உட்கார வைத்து, சட்டையைத் தூக்கி அவள் ஊசிக்குழலைப் பிடித்தாள். சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அந்த வழியில் வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள். கூட வந்த டீச்சர் கன்னடத்தில் அதட்டி வேறு பக்கம் திருப்பினாள். வின்சென்ட் கண்களை மூடிக்கொண்டான். குழாயில் கஞ்சி இறங்குவதைப் பார்த்தபடி அவள் நின்றாள்.

மதியம் சிவாஜிநகரில் பிரியாணி. கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்றது. "எப்டி?" என்று அவன் கேட்டான்.

"கறி வேகல. உப்பும் இல்ல."

வின்சென்டுக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு விசாரித்துப் பிடித்த கடை. பரிமாறுகிறவரைக் கையைத் தட்டிக் கூப்பிட்டு, கறியைக் காட்டி என்னவோ சொன்னான். வார்த்தைகள் ஒன்றோடொன்று குழைந்து வெளியே வந்தன. பரிமாறுகிறவர், வயதான மனிதர், பயந்துபோய் எலிசபெத்தைப் பார்த்தார். "இன்னா சொல்றாரும்மா? ஏதாச்சும் தப்பா?"

அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் அவளால் பொய்யைத் தொடர முடியவில்லை. "இல்லிங்க. ரொம்ப நல்லா இருக்குதுன்னு சொல்றாரு" என்றாள்.

அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார். வின்சென்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஹோட்டலுக்குப் போனார்கள். முன்வாசல் வழியாக. பெட்டியை வாங்கிக்கொள்ள ஒருவன் ஓடி வந்தான். லிஃப்டில் ஏறியதும் வின்சென்ட் பழக்கத்தில் கதவு இடுக்கில் காதை வைத்து ஏதோ சத்தம் கேட்டான். மாடியில் இருக்கும் ரெஸ்டாரன்டில், வெளிச்சம் இருக்கும்போதே போனால் கப்பன் பார்க்கின் மரங்களும் விதான சௌதாவின் தலையும் தெரியும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். தெரிந்தன. வெண்ணெயில் பூண்டு போட்டு வதக்கிய இறால் வந்தது.

எலிசபெத் சாப்பிட்டாள். அவன் இந்த முறை கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "சுமாராத்தான் இருக்குதுங்க. இதுக்கா இத்தினி வருஷம் பேசினீங்க?"

"பொய் சொல்ற."

அவள் கை அப்படியே நின்றது.

"காலையிலேர்ந்து பொய் சொல்ற. தோச தின்னப்ப கண்ண மூடின. நீ எங்கியாவது கண்ண மூடித் தின்னுருக்கியா எலிசா?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"என் வாய் போச்சி. நான் பாத்து வெச்ச எடம்லாம் நல்ல எடம்தாங்கறதாவது மிச்சம் இருந்துச்சி. அதையும் நீ இல்லன்ட்ட."

அவன் எழுந்து லிஃப்ட் பக்கம் நடந்தான். எலிசபெத் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். மிச்சத்தைக் கட்டிக் கொடுக்கட்டுமா என்று கேட்ட பையனுக்கு வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, எல்லாவற்றையும் அங்கேயே சாப்பிட்டு முடித்தாள். ஒரு வாய்கூட வீணாகக் கூடாது என்று இருந்தது. கண்ணீர் வடிந்தது. துடைத்துக்கொண்டாள். அறைக்குப் போனபோது அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கஞ்சி ஊற்ற மட்டும் திரும்பினான்.

மறுநாள் காலையில் லால்பாக். கண்ணாடி மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்டான்.

"நேத்து அந்த தோச. நெஜமா எப்டி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சி."

"நல்லான்னா? எனக்குத் தெரியற மாதிரி சொல்லு எலிசா. மொதல்ல இன்னா தெரிஞ்சிச்சி?"

அவள் யோசித்தாள். இப்படி ஒரு கேள்விக்கு அவள் பதில் சொன்னதே இல்லை. "மொதல்ல சூடு."

"அப்புறம்?"

"வெண்ண. நாக்குல வெச்சதுமே..." நாக்கு என்ற சொல் வந்ததும் நிறுத்தினாள். அவன் சொல்லு என்று கையைக் காட்டினான். "வெச்சதுமே கரைஞ்சி போச்சி. ஓரத்துல மொறுமொறுன்னு இருந்துச்சி, நடுவுல மெத்துனு. கிழங்குல இஞ்சி இருந்துச்சி, ஆனா கடிபடல. காலருக்குள்ள கேன்வாஸ் வெப்போம் பாருங்க, அது மாதிரி. இருக்கறது தெரியாது, ஆனா அதாலதான் நிக்கும்."

வின்சென்ட் சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்க்கவில்லை. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. கைக்குட்டையை எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது.

அன்றைக்குப் போட்டிருந்த திட்டமெல்லாம் அந்தப் பெஞ்சோடு முடிந்தது. பிரேசர் டவுன் கபாப் கடைக்குப் போகவில்லை, மியூசியத்துக்கும் போகவில்லை. ஆட்டோவில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஜோவிதா அலுவலகத்திலிருந்து ஓடி வந்து ஹோட்டல் அறையைக் காலி செய்தாள். நோய் கழுத்தில் திரும்பி வந்திருக்கிறது, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி என்று டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் வின்சென்டுக்கு ஒரே கேள்விதான். எலிசபெத் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும், "இன்னிக்கி இன்னா சாப்ட்ட?" என்பான். அவள் டப்பாவில் தினமும் ஒரே சோறு, ஒரே குழம்பு. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் பக்கத்து மெஷின் அம்புஜத்தின் டப்பாவிலிருந்து ஒரு வாய் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். மண்டியாக்காரி ஒருத்தியிடம் ராகி முத்தை என்கிற களி உருண்டை, ராய்ச்சூர்க்காரி ஒருத்தியிடம் சோள மாவில் தட்டிய ஜோள ரொட்டி. கையில் வைத்துக்கொண்டு, மென்று, இது புளிப்பா கசப்பா, எது முதலில் வருகிறது, எது கடைசியில் நிற்கிறது என்று பார்ப்பாள். "இன்னாக்கா, சோத்த மொறச்சிகினே இருக்க?" என்று அம்புஜம் கேட்டாள். எலிசபெத் காரணத்தைச் சொன்னாள். மறுநாளிலிருந்து அம்புஜம் அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

வின்சென்ட் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பான். சில நாள் முகம் இறுகிவிடும், போதும் என்று கையைத் தூக்குவான். அந்த நாட்களில் அவள் எழுந்துபோய் பாத்திரம் துலக்குவாள். சில நாள் திருப்பிச் சொல்லச் சொல்வான். அவள் சொல்வது உண்மைதான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. உப்பில்லாதது உப்பில்லாததாகவே வந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரியில், காலை நேரத்தில் அவன் போய்விட்டான். கடைசி இரண்டு நாள் கேள்வி கேட்கவும் தெம்பில்லை. எலிசபெத் கேட்காமலே அவன் காதோரம் சொன்னாள்: எதிர்க்கடைத் தேங்காய் பன், காய்ந்துபோனது, நடுவில் மட்டும் இனிப்பு. அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது. தங்கவயலில் அவன் அப்பா பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஜனவரியில் அவள் வேலைக்குத் திரும்பினாள். மேஸ்திரி பழைய மெஷினையே கொடுத்தார். மதியம் அம்புஜம் கிண்ணத்தை நீட்டினாள். கீரை மசியல். எலிசபெத் வாங்கிக்கொண்டு ஒரு வாய் வைத்து, மெதுவாக மென்றாள். அம்புஜம் தன் சோற்றைத் தொடாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிக்கா இருக்கு?"

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றாள் எலிசபெத்.