வறுக்காத மாவு

என் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சண்டைக் காலத்தில் போடியில் அரிசி கிடைக்காமல் போய், ரேஷனில் கோதுமை போட்டார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, பட்டாளத்தில் ரொட்டி சுடும் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எங்கள் கொல்லையில் மண் அடுப்பு கட்டினார். பஜாரில் ரொட்டிக் கடை வைக்க ஆசை. என் அக்காவைக் கட்டவும் ஆசை. அக்காவுக்கோ ஓடைப்பட்டியிலிருந்து வேறொரு வரன் வந்திருந்தது.

"மொதல்ல ரொட்டி உப்பட்டும் மாப்ள, பெறகு பொண்ணு கேளு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

ரொட்டி உப்பவில்லை. மறுமுறையும் இல்லை. அப்பா அதைத் தரையில் தட்டிப் பார்த்து, "குழவிக்கல்லு ஒடஞ்சா இது ஆகும்" என்றார். மாமா முகம் சுண்டிப்போனது. பட்டாளத்தில் அவர் அரைத்து வந்த மாவை மூட்டையாகத்தான் பார்த்திருக்கிறார்.

"வீரபாண்டித் திருவிழா வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஓடைப்பட்டிதான்" என்றார் அப்பா.

அன்று சாயங்காலம் அக்கா கொல்லையில் உட்கார்ந்து மூன்று வகை மாவைத் தனித்தனியே பிசைந்தாள். ஒன்று அம்மா அரைத்தது, மாமா அதுவரை ரொட்டிக்கு எடுத்தது. புட்டு மாவைப்போல, கெடாமலிருக்க வறுத்து வைத்தது. அது மணலாக உதிர்ந்தது. அடுத்தது உப்புமாவுக்கு வாங்கும் சம்பா கோதுமை, வறுக்காதது. இழுத்ததும் அறுந்தது. கடைசியாக ரேஷன் கோதுமை. வறுக்காமல், திருகையில் திரும்பத் திரும்ப அரைத்து, பெருந்தவிட்டை மட்டும் சலித்திருந்தாள். அதை இரண்டு கையாலும் இழுத்தாள். அறாமல் நீண்டு, தோல்போல மெலிந்து, அதன் வழியே வெயில் தெரிந்தது. அரிசி மாவில் அப்படியொன்றை நான் கண்டதில்லை.

"தம்பி, வறுத்தா மாவு செத்துப்போகுதுன்னு மாமாட்ட சொல்லு."

மாமா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஏலே, இத மொதல்லயே சொன்னா என்னன்னு அவகிட்ட கேளு."

"கேட்டாத்தான சொல்றதுக்குன்னு சொல்லு."

அந்த மாவில் புளிக்கக் கள் ஊற்றிப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடினார்கள். விடிந்தபோது துணி மேடாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி மெல்ல மேலே வந்தது. உள்ளே யாரோ தூங்குவதுபோல இருந்தது. என்னையறியாமல் கும்பிட்டேன்.

வெந்த ரொட்டியை அப்பா பிட்டார். ஆவி பறந்தது. வெகுநேரம் மென்றுவிட்டு, "ஓடைப்பட்டிக்காரகளுக்கு வேணாம்னு ஆள் சொல்லி விட்ரு" என்று அம்மாவிடம் சொன்னார்.

எனக்கு மாவு எழும்பினதே பெரிய அதிசயம். மற்றதில் ஒன்றுதான் விளங்கவில்லை. மாமாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்புறம் எதற்கு நடுவில் நான்?

எழுதி முடித்தது ஆடிப்பெருக்கன்று.