றோஸ் கடதாசியில் அந்த முகம்

அத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து நோட்டீசுக் கட்டைக் கொண்டுவந்து என் வெட்டு மேசையில் போட்ட அன்று, தேவாலயத்தில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைக்கென்று தைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை ஒன்று பழுதாய்ப் போனது. மை காயவில்லை. மலிவுக்கு அடிக்கிற அச்சகம், மையில் மண்ணெண்ணெயைக் கலந்திருப்பார்கள் போல, கடை முழுக்க அந்த வாடை. கட்டைத் தூக்கிப் பார்த்தால் 'மலிவு' என்ற சொல் இடம் வலம் மாறிச் சட்டையின் மார்பில் கறுப்பாய்ப் பதிந்து கிடந்தது. சவுக்காரம் போட்டேன், தேசிக்காய்ப் புளி தேய்த்தேன், வெயிலில் விரித்தேன். போகவில்லை. மார்புத் துணியை வெட்டி எறிந்துவிட்டு வேறு துணி வைத்துத் தைத்தேன். அத்தான் பக்கத்தில் நின்று, "ஒரு சட்டைதானே பிள்ளை" என்றார்.

கடை ஊர்காவற்றுறையில், துறைமுகத்துக்குப் போகிற றோட்டில் இருந்தது. அக்காவின் புருசனுடைய கடை. அதற்கு முன்பு அவர் கருவாட்டுக் கமிசன் பார்த்தவர். வெளிநாட்டுத் துணி தாராளமாய் வரத் தொடங்கியதும், இனி இதுதான் யாவாரம் என்று மாறிக்கொண்டார். அதற்கு முந்திய வருசங்களில் சங்கக் கடை வரிசையில் நின்று, கிடைத்த சீத்தைத் துணியை வாங்கி, அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பூப்போட்ட சட்டை தைத்துப் போட்ட சனம் எங்கள் தீவுச் சனம். நல்ல துணியைக் கண்டதும் மொய்த்தார்கள். நான் வேலணையில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகியவள். என் மெசினையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, கடையின் பின்பக்கத்தில் இருந்து தைத்தேன். பிள்ளைகளின் சட்டை, பாவாடை, சீலைச் சட்டை எல்லாம் என் கை. முன்பக்கத்தில் நின்று வாறவர்களோடு தேனாய்க் கதைப்பது அத்தான்.

ஆனாலும் வசதியான ஆட்கள் பஸ் ஏறி யாழ்ப்பாணப் பட்டணத்துக்குத்தான் போனார்கள். அது அத்தானுக்குப் பொறுக்கவில்லை. பட்டணத்துக் கடைகள் படம் போட்டு நோட்டீசு அடிக்கின்றன, நாங்களும் அடித்தால்தான் எடுபடுவோம் என்றார். அந்தக் கட்டு அப்படி வந்ததுதான்.

மெல்லிய றோஸ் கடதாசி. மறுபக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். 'பெண்களே! சிங்கப்பூர் மோஸ்தர்! இந்திய ரகங்கள்! பட்டணம் போய் அலையாதீர்கள்!' என்று பெரிய எழுத்து. சிங்கப்பூரை நான் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில் மட்டும்தான் கண்டிருந்தேன். அந்தப் பொய்யைப் படிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. எழுத்துக்கு மேலே ஒரு இளம்பெண்ணின் படம். இடைக்கு மேல் தெரிகிற படம், கரை வைத்த சீலை, ஒற்றைப் பின்னலை முன்னுக்குப் போட்டிருந்தாள். சிரிக்கவா விடவா என்று யோசிக்கிற வாய். அவள் மட்டும்தான் அந்தத் தாளில் உண்மையாய் இருந்தாள்.

"ஆர் அத்தான் இது?"

"ஆரோ இந்தியாக்காரி. படம் அடிக்கிற புளொக் புதுசாய் வெட்டுறதெண்டால் கை சுடும். அவனிட்டைப் பழசு ஒண்டு கிடந்தது, அதைப் போட்டுத் தந்தவன். நீர் தையும், யாவாரம் என்ர பாடு."

நயினாதீவு அம்மன் திருவிழா வந்தது. குறிகாட்டுவான் துறையில் நின்று, போகிற வள்ளம் எல்லாவற்றிலும் அத்தான் நோட்டீசை அள்ளிப் போட்டார். அக்காவும் நானும் தேருக்குப் போன வள்ளத்திலும் போட்டார். சனம் அதை என்ன செய்தது என்பதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். ஒருத்தி பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். கடல் ஆட்டத்தில் சத்தி எடுத்த ஒருவருக்கு நாலைந்து தாளைக் கையில் கொடுத்தார்கள். இஞ்சின்காரர் கையிலிருந்த எண்ணெயை அந்தப் பெண்ணின் முகத்தில் துடைத்துக் காலடியில் போட்டார். வள்ளத்தின் அடியில் ஊறிய தண்ணீரில் அவள் முகம் முகமாய் மிதந்தாள். கோயில் வாசலில் கடலைக்காரர் சுருள் சுற்றினதும் அவளில்தான். அம்மனைக் கும்பிடுகிறபோதுகூட என் கையில் அந்த மண்ணெண்ணெய் வாடை இருந்தது. ஊர்காவற்றுறைச் சந்தையில் பிறகு ஒரு கிழமைக்கு மீன் சுற்றிக் கொடுத்ததும் அந்தத் தாளிலேதான்.

அத்தானுக்குச் சரியான சந்தோசம். "பாத்தீரே, தீவு முழுக்க எங்கட கடை" என்றார்.

திருவிழா முடிந்து கொஞ்ச நாளில், காலை வள்ளத்தில் வந்து இறங்கிய ஒரு அம்மா கடைக்குள் வந்தா. ஐம்பது வயது இருக்கும். அனலைதீவு ஆள் என்று கதையில் தெரிந்தது. அத்தான் வெளியே போயிருந்தார். துணி ஒன்றையும் அவ பார்க்கவில்லை. கதிரையைக் காட்டினேன், இருக்கவுமில்லை. பையைத் திறந்து, ஒரு கைலேஞ்சிக்குள் மடித்து வைத்திருந்த எங்கள் நோட்டீசை எடுத்து மேசையில் விரித்தா. கடலை எண்ணெய் ஊறிய தாள்.

"இது நீங்கள் அடிச்சதோ, பிள்ளை?"

"ஓம். கடையாலை அடிச்சது."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை நயினாதீவிலையிருந்து கடலை கொண்டந்தவள். திண்டு முடிச்சுப் போட்டு என்னட்டைக் கொண்டந்து காட்டுறாள். இந்தப் படம் உங்களுக்கு எங்காலை?"

இந்தியாக்காரி என்று அத்தான் சொன்னதை நான் சொல்லப் போனேன். அவவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். சிரிக்கவா விடவா என்கிற அதே வாய்.

"இது என்ர மகள்" என்றா. "செத்துப் போனாள். ஆண்டுத் திவசம் இன்னும் வரேல்லை."

மாரிக் கடல். மகளுக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தவறியபோது, வள்ளம் விட ஏலாது என்று விட்டார்கள். காற்று அடங்கி இங்கே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரப் பிந்திவிட்டது. கலியாணம் பேசுவதற்கென்று பட்டணத்து ஸ்ரூடியோவில் எடுத்த படம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அந்தப் படத்தை வைத்துத்தான் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்தார்கள். செத்தவர்களின் படமும் தேவாரமும் வைத்து முப்பத்தோராம் நாளில் வீடு வீடாய்க் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். புளொக் வெட்டுவது செலவென்றாலும், அவளுடைய மாமன் தலையில் போட்டுக்கொண்டு செய்தாராம். எந்த அச்சகம் என்று கேட்டேன். அவ சொன்ன ஒழுங்கையும், நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததும் ஒன்றே.

"இந்தச் சீலையை அவள் படத்துக்கு மட்டும்தான் உடுத்தவள்" என்றா. அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். நான் விசயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் ஒரு கணம் கறுத்தது, அவ்வளவுதான். பிறகு யாவாரச் சிரிப்பு வந்து ஏறிக்கொண்டது.

"அம்மா, உங்கட பிள்ளை வடிவெண்டபடியால்தானே போட்டது. எத்தினை சனம் பாத்து வடிவெண்டு சொல்லுதுகள். நீங்கள் சந்தோசப்பட வேணும்."

அவ மேசையில் கிடந்த தாளையே பார்த்தா.

அத்தான் அலுமாரியைத் திறந்து ஒரு நைலெக்ஸ் சீலையை எடுத்து மேசையில் விரித்தார். அந்தத் தாளின் மேலேயே விரித்தார். "இதைக் கொண்டு போங்கோ. காசு வேண்டாம். மனசிலை வைச்சிருக்காதேங்கோ."

அந்த அம்மா சீலையைத் தொடவில்லை. இரண்டு விரலால் நுனியைத் தூக்கி, கீழேயிருந்த தாளை உருவி எடுத்து, பழையபடி கைலேஞ்சிக்குள் மடித்தா. பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"அந்தப் புளொக் கட்டை இன்னும் அச்சகத்திலைதானே இருக்கும்?" என்று அவ என்னைக் கேட்டா. "அது கிடக்கிறவரைக்கும் ஆரும் அடிப்பினம்."

"வாங்கோ அம்மா, போவம்" என்றேன். அக்கா குசினியிலிருந்து ஓடி வந்து, "கடையை விட்டிட்டு எங்கை போறாய்? உனக்கென்ன விசரோ?" என்று கையைப் பிடித்தா. உதறிவிட்டு வந்து பஸ் ஏறினேன். வேலணை தாண்டி, பண்ணைப் பாலம் முடிந்து பட்டணம் வருகிறவரைக்கும் அவ பையை மடியில் வைத்துப் பிடித்திருந்தா.

அச்சகம் ஒரு ஒழுங்கைக்குள், வெளிச்சமில்லாத நீட்டு அறை. முன் வாங்கில் இரண்டு ஆம்பிளைகள், மழிக்காத முகத்தோடு. தகப்பன் செத்துவிட்டார், கல்வெட்டு அடிக்க வந்திருந்தார்கள். தகப்பனின் படம் மேசையில் கிடந்தது. அச்சக முதலாளி மை படிந்த விரலால் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கொடியில் காயப் போட்டிருந்த நோட்டீசுகளில் ஒன்று, மூலிகை எண்ணெய்க்கு அடித்தது. 'நீண்ட ஆயுளுக்கு' என்று போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவரின் படம். அதைக் காட்டி, "இவரும் செத்த ஆளோ?" என்று கேட்டேன்.

முதலாளி சிரித்தார். "உயிரோடை இருக்கிறவைக்கு ஆர் பிள்ளை காசு குடுத்துப் புளொக் வெட்டுவினம்?"

அந்தச் சிரிப்பை எண்ணினால் இன்றைக்கும் எனக்கு அருவருக்கிறது.

நோட்டீசைக் காட்டி, இது என் அத்தான் அடிப்பித்தது, படத்திலிருக்கிற பிள்ளையின் தாய் இவதான் என்று சொன்னேன். அவர் வெட்கப்படவில்லை. "உங்கட அத்தான்தானே லாச்சிக்குள்ளை கையை விட்டுத் தெரிஞ்செடுத்தவர். கல்வெட்டுப் படம், அனலைதீவுப் பிள்ளை எண்டு சொல்லித்தான் குடுத்தனான்."

இந்தியாக்காரி! அத்தான் தெரிந்துகொண்டே எனக்குச் சொன்ன பொய்.

மேசை லாச்சியை இழுத்துக் காட்டினார். மரக்கட்டையில் ஆணி அடித்த துத்தநாகத் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்றாய்க் குவித்துக் கிடந்தன. கிழவர்கள், கிழவிகள், ஒரு சின்னப் பிள்ளையும். மேலே கரப்பான் பீ. அந்த அம்மா ஒவ்வொன்றாய் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. தகட்டில் முகம் புள்ளி புள்ளியாய், இடம் வலம் மாறி இருக்கும், எனக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. அவவுக்குத் தெரிந்தது. ஒன்றை எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்து, பைக்குள் வைத்தா.

முதலாளி எழும்பிப் பையின் காதைப் பிடித்தார். "அது அச்சகத்துச் சாமான். வேணுமெண்டால் விலைக்குத் தாறன்."

"அவையள் செலவழிச்சு வெட்டினதை அவையளுக்கே விக்கிறியளோ?" என்றேன்.

"கட்டை எங்கட. புத்தகம்தான் அவையின்ரை. சட்டம் தெரியாமல் கதைக்கக் கூடாது."

அவர் பையை விடவில்லை. அவவும் விடவில்லை. நான் வாங்கில் இருந்த இருவரையும் பார்த்துத் திரும்பி, ஒழுங்கைக்குக் கேட்கத்தக்கதாய்ச் சொன்னேன்: "அண்ணை, உங்கட அப்பாவின்ரை படத்தை இஞ்சை குடுத்தால் நாளைக்கு எண்ணெய்ப் போத்தலிலை இருப்பார். இந்த அம்மாவின்ரை மகள் மீன் சுத்துற தாளிலை இருக்கிறாள்."

மூத்தவர் எழும்பி வந்தார். கொடியில் தொங்கின நோட்டீசைப் பார்த்தார், லாச்சியைப் பார்த்தார். மேசையில் கிடந்த தகப்பனின் படத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கையை எடும்" என்றார் முதலாளியிடம். சத்தம் போடவில்லை. முதலாளி கையை எடுத்தார்.

பின்னேரம் ஊர்காவற்றுறைக்குத் திரும்பி வந்தபோது வள்ளம் வெளிக்கிட நேரம் இருந்தது. துறைக்குப் போகிற மதில்களில் அத்தான் ஒட்டியிருந்த நோட்டீசுகளை அவ கிழிக்கத் தொடங்கினா. கோதுமை மாப் பசை காய்ந்து இறுகியிருந்தது. இழுத்தால் கன்னம் ஒரு பக்கம் கையோடு வரும், கண் மதிலில் நிற்கும். அதைப் பார்க்க ஏலாமல், ஒரு பேணியில் கடல் தண்ணீர் அள்ளி வந்து ஊற்றினேன். இருவரும் சிரட்டையால் சுரண்டினோம். பார்த்துக்கொண்டு நின்ற மீன்காரப் பெண்கள் என்னவென்று கேட்டுவிட்டு, மற்றப் பக்கத்து மதிலை அவர்களே சுரண்டினார்கள். வள்ளத்தில் ஏறும்போது அவ என் கையைப் பிடித்து, "நல்லாயிரு பிள்ளை" என்றா. கட்டையை என்ன செய்தா என்று எனக்குத் தெரியாது. பிறகு அவவை நான் காணவில்லை.

கடைக்கு வந்தேன். தீபாவளிக்கென்று அத்தான் மிச்சம் வைத்திருந்த பாதிக் கட்டு என் வெட்டு மேசைக்குக் கீழே கிடந்தது. வளவுக்குள் கொண்டுபோய் நெருப்பு வைத்தேன். அத்தான் பின்னாலேயே வந்து கத்தினார்.

"தெரிஞ்சுகொண்டுதானே போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"செத்த ஆளுக்கு என்ன நட்டம்?" என்றார். உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அந்த மனிசனோடு ஒரே கூரைக்குக் கீழே இனி இருக்க முடியாது என்று அப்போதுதான் தெளிவாய்த் தெரிந்தது. அடுத்த நாள் மெசினை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வேலணைக்கு வந்துவிட்டேன். விறாந்தையில் போட்டுத் தைத்தேன். சனம் தேடி வந்தது. அக்கா வெகுகாலம் என்னோடு கதைக்கவில்லை. நான்தான் குடும்பத்து யாவாரத்தைக் கெடுத்தவள் என்று ஊருக்குள் சொன்னா.

யாவாரம் கெடவில்லை. அத்தான் வேறொரு ஆளை வைத்துத் தைத்து, வேறு அச்சகத்தில், சினிமாக் கலண்டரில் வெட்டிய முகத்தைப் போட்டு நோட்டீசு அடித்தார். கடை பெருத்து இரண்டு கதவாகியது.

சில வருசம் போய் அக்காவின் மகள் பெரியபிள்ளையானாள். பிள்ளைக்காகச் சாமத்தியச் சடங்குக்குப் போனேன். பந்தியில் அத்தானே கறி பரிமாறி வந்தார். என் இலைக்கு முன்னால் குனிந்து, பழைய கோபமெல்லாம் மறந்துவிட்டவரைப் போல, "என்ன இருந்தாலும் மச்சாள், கடை எடுபட்டது அந்த முதல் நோட்டீசாலைதான். அப்பிடி ஒரு முகம் பிறகு கிடைக்கேல்லை" என்றார்.

இலையை மடித்துவிட்டு எழும்பி, கை கழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.