மாராள் என்று கூப்பிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை லூனாஸில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் மெர்கோங்குக்கு வீடு மாறுவதற்கு முன், லூனாஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நகோமி அக்கா. கிறிஸ்துமஸுக்கு அவர் கேக், தீபாவளிக்கு எங்கள் முறுக்கு — எல்லாம் வேலிக்கு மேலேயே கைமாறும்.

அக்காவின் ஒரே மகன் ஸ்டீவன் இறந்து ஒரு மாதம் ஆகிறது; கூட்டம் அக்கா வீட்டில்தான். ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். மழை... எதிரே லாரி. கணவர் சிறுநீரகம் கெட்டுப்போய் முன்பே இறந்துவிட்டார். இனி அந்த வீட்டில் அக்கா மட்டும்தான்.

பாஸ்டர் இளைஞர். நல்லவர். அக்காவின் பெயரை வைத்தே ஆறுதல் சொன்னார். வேதாகமத்திலும் ஒரு நகோமி. பஞ்சம் பிழைக்க வேறு நாட்டுக்குப் போனவள். போன இடத்தில் கணவனைப் பறிகொடுத்தாள், இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தாள். ஆனால் கடைசியில் ஒரு பேரக் குழந்தையை மடியில் வைத்துச் சிரித்தாள். நம் சகோதரிக்கும் அப்படி ஒரு நாள் வரும் என்று முடித்தார். கூட்டம் ஆமென் சொன்னது.

அக்கா எழுந்து நின்றார்.

“பாஸ்டர், நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க. ஊருக்குத் திரும்பி வந்தப்ப, என்னை நகோமின்னு கூப்பிடாதீங்க, மாராள்னு கூப்பிடுங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. நானும் அதான் கேக்கறேன்.”

பாஸ்டர் தடுமாறினார். அது வேதனையில் சொன்ன வார்த்தை, முடிவைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

“அந்தம்மாவுக்கு மருமக ஒருத்தி கூட இருந்தா பாஸ்டர். எனக்கு யாரு இருக்கா?”

ஒரு பாட்டைத் தொடங்கிக் கூட்டத்தை முடித்தார்கள்.

அப்புறம் அடுக்களையில் அக்காவிடம் அந்த இரண்டு பெயர்களுக்கும் அர்த்தம் கேட்டேன். அவருடைய அப்பா எஸ்டேட் கோயிலில் உபதேசியாராக இருந்தவர். பெயர் வைத்தவரும் அவர், விளக்கம் சொல்லிக் கொடுத்தவரும் அவர். எபிரேய மொழியில் நகோமி என்றால் இனிமை, இதம். மாரா என்றால் கசப்பு. வனாந்தரத்தில் தாகத்தோடு போன ஜனங்களால் வாயில் வைக்க முடியாதபடி கசந்த தண்ணீர் — அந்த இடத்துக்கும் இதே பெயர்தான்.

தட்டு கழுவிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண் காக் யா, ஸ்டீவனைக் குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர், திடுக்கிட்டுத் திரும்பினார். மலாயில் ‘மாரா பஹாயா’ என்றால் ஆபத்து, அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எபிரேயத்துக்கும் மலாய்க்கும் உறவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு எல்லோருமே பயந்தார்கள்.

புறப்படும்போது ஒவ்வொருவராகச் சொன்னார்கள். “வரேன் நகோமிக்கா.” “தைரியமா இருங்க நகோமி.” முதல் இரண்டு பேருக்கு அக்கா பதில் சொல்லவில்லை. அப்புறம் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார். எத்தனை பேரோடு போராடுவது?

வீட்டுக்கு வந்து அந்தக் கதையை எடுத்துப் படித்தேன். சின்னக் கதைதான் — நான்கே அதிகாரம். தேடித் தேடிப் பார்த்தேன். தன்னை மாராள் என்று கூப்பிடச் சொன்ன அந்தப் பெண்ணை, கடைசிவரை ஒருவர்கூட அப்படிக் கூப்பிடவில்லை! எழுதியவர்கூட அடுத்த வரியிலேயே நகோமி என்றுதான் எழுதுகிறார். மறுமணம் செய்த மருமகளுக்குக் குழந்தை பிறந்ததும் ஊர்ப் பெண்கள் நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்று கொண்டாடுகிறார்கள். அவள் கசப்பை யாரும் ஒரு வாய்கூடக் குடித்துப் பார்க்கவில்லை.

நமக்கு எப்போதும் அவசரம். அழுகிறவர் சீக்கிரம் அழுது முடித்தால் நாம் வீட்டுக்குப் போகலாம்.

மறுநாள் சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது.

“மாராளக்கா... சாப்பிட்டீங்களா?”

“இல்ல தம்பி,” என்றார். பிறகு அழுதார். நான் குறுக்கிடவில்லை. அழுது ஓய்ந்ததும், யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“போலீஸ் பாலாய்ல இருந்து போன் மேல போன் பண்றாங்க தம்பி. போலீஸ் விசாரணை முடிஞ்சிருச்சாம், அவன் மோட்டார வந்து எடுத்துட்டுப் போகணுமாம். அது எப்படி நசுங்கிக் கிடக்குதோ... ஒத்தையா போயி என்னால பாக்க முடியாதுலா. நீ கூட வர்றியா?”

ஒரு மாதமாக அந்த வீட்டுக்கு வந்து போனவர்கள் எத்தனையோ பேர். எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள். இதைச் சொல்ல அக்காவுக்கு இடமே கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை போகிறோம். வழியில் அக்காவிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை... கார் ஓட்டத் தெரியும், அது போதும்.