கிணற்றடிப் பக்கத்துச் சில்லு

டிக்கியில் கிடந்த தேங்காய்கள்தான் சத்தம் போடுகின்றன என்று ஒரு மாதமாக நம்பியிருந்தேன். கார் வளைவில் திரும்பினால் டக் டக் என்றது. நேரே ஓடினால் வாய் திறக்கவில்லை. திரும்பினால் தேங்காய் உருளும், உருண்டால் முட்டும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தேங்காய்களைச் சாக்கில் போட்டு இறுக்கிக் கட்டினேன். பிறகு இறக்கியே விட்டேன். வெறும் டிக்கியோடு விசுவமடுச் சந்தியில் திரும்பியபோதும் டக் டக் என்றது.

பூக்கன்றுக்குத் தண்ணீர் விட்ட மனைவிதான் காரணத்தைக் கண்டாள். கிணற்றடிப் பக்கத்து முன்சில்லின் உட்புறமெல்லாம், டயருக்குப் பின்னால், கிறீஸ் என்றாள். சில்லைச் சுழற்றும் எக்சலின் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மண் போயிருக்க வேண்டும். எக்சலையே மாற்ற வேண்டும். கராஜில் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். ஆனால் அதற்கு முன்பே மகளுக்குச் செட்டிகுளத்துப் பள்ளிக்கூடமொன்றில் முதல் நியமனம். பஸ்ஸை நம்பினால் முதல் நாளே பிந்துவாள். அப்பா கொண்டுபோய் விடுவார் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நானே மாற்றுவதென்று முடிவெடுத்தேன். உழவு மெசின் கழற்றிப் பூட்டியவனுக்கு இதென்ன வேலை?

மகள் போவதற்கு முதல் நாள் காலை, மனைவி கிளிநொச்சிக்குப் போய்ப் பழைய சாமான் கடையில் ஓர் எக்சல் வாங்கி, பிள்ளையைப் போல மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தாள். அதற்குள் நான் காரைத் திருப்பி மாமர நிழலுக்குள் விட்டு, ஜாக்கியால் உயர்த்தி, கீழே பனங்குற்றி வைத்து, கிணற்றடிப் பக்கத்துச் சில்லைக் கழற்றியிருந்தேன். எக்சல் நட்டு அசையவில்லை. நட்டுச் சாவியில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றேன். படாரென்று விட்டது. நட்டா என் முதுகா என்று தெரிய ஒரு நிமிடம் பிடித்தது.

எக்சலை இழுத்ததும் ஓட்டையால் கியர் ஒயில் ஊற்றியது. கொஞ்சம் வரும் என்று தெரியும். இது நின்ற பாடில்லை. குசினிக்குள் ஓடி, கையில் அகப்பட்ட சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். கழற்றியதைப் பார்த்தால் ரப்பர் உறை முழுசாக இருந்தது. உள்ளுக்குள்தான் பழுது என்று டொக்டர் போலத் தலையாட்டினேன். ஆனால் வாங்கி வந்ததைப் பூட்டப் போனால் அது ஒரு சாண் கட்டை, நீளம் காணவில்லை.

குழாயில் ஏறி நின்றதில் கார் அகலித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். எஞ்சினை இந்தப் பக்கம் தள்ளலாமா என்று தள்ளியும் பார்த்தேன். கட்டி வைத்த பயணப் பையின் மேல் உட்கார்ந்திருந்த மகள் ஒன்றும் ஏசவில்லை. மெதுவாக, "அப்பா, விடிய முதல் பஸ் எத்தினை மணிக்கு?" என்றாள்.

பொருத்துவதில் சின்னச் சிக்கல்தான் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே எக்சலைத் திரும்பவும் சாண் போட்டுப் பார்த்தேன்.

மனைவி வந்து முதலில் சோற்றுச் சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னை. பிறகு கிணற்றை.

"இஞ்சருங்கோ, கார் ஒவ்வொரு நாளும் எங்க பாத்து நிக்கிறது?"

"ரோட்டுப் படலையைப் பாத்து."

"இப்ப?"

நான் மாமரத்தைப் பார்த்தேன்.

"நான் சொன்ன கிணத்தடிப் பக்கம், நான் ஏறி இருக்கிற பக்கமப்பா. கடையிலயும் அப்பிடித்தான் சொல்லி வாங்கினனான். நீங்கள் காரைத் திருப்பி விட்டுட்டு உங்கட பக்கத்தைக் கழட்டி வைச்சிருக்கிறியள்."

மகள் அப்போதுதான் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர இன்னும் நேரம் எடுத்தது. மற்றப் பக்கத்து நட்டும் அசைய வேண்டுமே.

அசைந்தது. நான் கழற்றியது நல்ல எக்சல். அதைத் திரும்பப் பூட்டி, பழுதானதைக் கழற்றி, வாங்கி வந்ததை அந்த இடத்தில் போட்டு, புது ஒயில் விட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. மறுநாள் மணி அடிக்க முன்பே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மகளுக்கென்று மனைவி கொடுத்த தேங்காய்கள் டிக்கியில் கிடந்தன. சத்தம் ஒன்றும் வரவில்லை.