கோயில் வெளிச்சுவரில் இரண்டு பிளக் பொயின்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் வெளிச்சுவரில், மழைக்குத் தாங்கும் பிளக் பொயின்ட் இரண்டு இருக்கின்றன. வைத்தவன் நான்தான். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கிறேன்.

பொகவந்தலாவைப் பக்கம் மழைக்கு நேரம் காலம் கிடையாது. அப்படியிருந்தும் திருவிழா வந்தால் கோயில் ஜன்னல் வழியாக ஒரு வயரை வெளியே இழுத்து, மூட்டில் பொலித்தீன் பையைச் சுற்றி, அதில்தான் ஸ்பீக்கரையும் சீரியல் பல்பையும் ஓட்டுவார்கள். வயரிங் வேலை செய்து சாப்பிடுகிறவன் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிம்மதியாகச் சாமி கும்பிடுவது? வருஷா வருஷம் தலைவரை நச்சரித்தேன். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். கோயில் காரியமும் அவர் கையில்தான். போன திருவிழாவுக்கு முன்னால் ஒருவழியாகத் தலையாட்டினார்.

வேலைக்கு மச்சானையும் கூட்டிக்கொண்டேன். என் மனைவியின் அண்ணன். இரண்டு பேரும் ஹட்டனில் ஒரே பாஸிடம் வயரிங் பழகியவர்கள். அந்தச் சிநேகத்தில்தான் அவன் தங்கையையே எனக்குக் கட்டிக்கொடுத்தான். சுவரைத் துளைத்து, குழாயைக் கீழ்ப்பக்கமாகப் பெட்டிக்குள் ஏற்றினோம். மேல்பக்கமாக ஏற்றினால் மழைத்தண்ணீர் குழாயைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கிவிடும். மூடிக்கு உள்ளே இறப்பர் வளையம் வைத்தோம். பக்கத்திலேயே இன்னொரு பெட்டியில் ட்ரிப் சுவிட்ச். எங்காவது கரண்ட் கசிந்தால் அது தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றும்.

“அம்மனுக்குக்கூட இம்புட்டு நல்ல கூரை இல்லையே மாப்பிள்ள” என்று மச்சான் கிண்டலடித்தான். மூடியின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

திருவிழா அன்று எனக்குப் பால்குடம் எடுக்கிற நேர்த்திக்கடன் இருந்தது. ஆற்றுக்குக் கிளம்புமுன் மச்சானிடம் படித்துப் படித்துச் சொன்னேன். “சீரியல் பல்பு பழசு, வயர் அங்கங்க பிஞ்சிருக்கு. ட்ரிப் விழுந்தா பல்பக் கழட்டிரு மச்சான். ட்ரிப்புல மட்டும் கை வச்சிராத.”

“நீ போயி சாமியக் கும்புடு மாப்பிள்ள. நான் இருக்கேன்ல?”

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. ஆற்றங்கரையிலிருந்தே கோயில் பாட்டு நிற்பதும் திரும்பப் பாடுவதும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாட்டு நிற்காமல் பாட ஆரம்பித்தது. மச்சான் பல்பைக் கழற்றிவிட்டான் என்று நினைத்து மனசுக்குள் அவனை மெச்சிக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குடத்தோடு நாங்கள் மேலே ஏறி வரும்போது ஒரே கூச்சல். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா அக்கா, அன்னதானச் சோற்றோடு போனவர், பல்பு கட்டியிருந்த இரும்புக் கம்பத்தைப் பிடித்திருக்கிறார். கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கை வெந்துபோய், பேச்சில்லாமல் கிடந்தவரைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் மெயினை நிறுத்திவிட்டு ட்ரிப் பெட்டியைத் திறந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, ட்ரிப் விழுந்தாலும் கரண்ட் நிற்காதபடி, அதைத் தாண்டி நேராக ஒரு வயர் இழுத்திருந்தது.

பின்னாலேயே வந்த மச்சான் அதைப் பிடுங்கிப் பொக்கட்டுக்குள் திணித்தான். “சாமி கெளம்புற நேரம் பாட்டு நின்னா அபசகுனம்னு அத்தன பேரும் கத்துனாங்க மாப்பிள்ள. நான் என்னா செய்ய? நாளைக்குக் கூட்டத்துல நானே சொல்லிர்றேன். நீ வாயத் தொறக்காத.” பாவமாக இருந்தது. சரி என்றேன்.

அக்கா பிழைத்துக்கொண்டார். மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். யார் வேலை இது என்று தலைவர் கேட்டார்.

“பெட்டி வச்சது, வயர் குடுத்தது எல்லாம் மாப்பிள்ளதாங்க. நான் சும்மா தொணைக்கி நின்னேன்” என்றான் மச்சான்.

நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன், கத்தினேன். இல்லவே இல்லை என்று அவன் சாதித்தான்.

“அப்ப ரெண்டு பேரும் கற்பூரத்த அணைங்க” என்றார் தலைவர். எரிகிற கற்பூரத்தை அம்மன் முன்னால் கையால் அடித்து அணைத்தால் அது சத்தியம். அதற்குமேல் எங்கள் தோட்டத்தில் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் பண்ணினால் பிள்ளைகுட்டிகளைத் தாக்கும் என்று எல்லோருக்கும் பயம். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே அடியில் அணைத்தான். பாவி!

எனக்கு வேறு கற்பூரம் ஏற்றினார்கள். நான் கையை ஓங்கிய நேரம், பெண்கள் பக்கமிருந்து என் மனைவி ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வேணாங்க, விட்டுருங்க” என்று அழுதாள். நானும் அணைத்தால் அண்ணன் செய்தது பொய்ச் சத்தியம் என்றாகிவிடும், அவன் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிறாள், பாவம், அவளுக்கு உண்மை தெரியாது என்று நினைத்தேன். அவளுக்காகக் கையை இறக்கினேன். கற்பூரம் தானாக எரிந்து முடிந்தது. பெண்டாட்டியே தடுக்கிறாள் என்றால் குற்றவாளி யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு பல்பு மாட்டக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. எல்லாம் மச்சானுக்குத்தான். பக்கத்துக் காம்பரா அக்கா, கட்டுப் பிரித்த கையோடு என்னைக் கண்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறார். வயிறு எரிகிறது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். “ஒங்க அண்ணன் சொன்னத நீ நம்புறியா?”

அவள் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

“இல்லைங்க. மழ பேஞ்சிக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் அந்த வயரக் குடுக்கிறப்ப நான்தான் கொட புடிச்சிக்கிட்டு நின்னேன்.”