பவுல்சாமியின் சந்தேக நோட்டு

முதல் கம்ப்யூட்டரில் நான்காம் இடம் என்று வந்ததும் பவுல்சாமி எழுந்து இரண்டாவதற்குப் போனார். அதிலும் நான்கு. மூன்றாவதிலும் நான்கு. "மூணும் ஒரே ரூம்ல கீது. பேசி வச்சிக்கினு கூட சொல்லும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, நீள நோட்டில் தேதி, மணி, எந்த கம்ப்யூட்டர், எத்தனையாவது இடம் எல்லாவற்றையும் எழுதினார். மதியம் இன்னொரு தடவை. சாயங்காலம் சாந்தோம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இரண்டு பிரவுசிங் சென்டர்களில் ஏறி, கைக்காசு கொடுத்துப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

மேற்கு மாம்பலத்தில் நீரஜா நடத்தும் சின்னக் கம்பெனியில் அவருக்கு இதுதான் வேலை. கடைக்காரர்களுக்கும் விடுதிக்காரர்களுக்கும் அங்கே இன்டர்நெட்டில் பக்கம் செய்து கொடுக்கிறார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒருவர், பக்கங்களைத் தேடித் தரும் சர்ச் என்ஜினில் 'மெட்ராஸ் பீச் ரூம்' என்று தேடினால், பாலவாக்கம் அன்வரி பேகத்தின் விடுதி எத்தனையாவதாக வருகிறது என்று தினமும் பார்த்து எழுத வேண்டும். பவுல்சாமி அதோடு விடமாட்டார். பெயரின் மேல் ஒரு கிளிக் செய்து, உள்ளேயும் போய்ப் பார்ப்பார். "வெளிய பேகம் போர்டு மாட்டிக்கினு, உள்ள வேற எவனாவது குந்திக்கினு இருந்தா?"

முப்பது வருஷம் ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டியைப் பிரித்து எண்ணியவர். கிடங்கை மூடிய பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. பால் பாக்கெட்டை அமுக்கிப் பார்ப்பார். பஸ்ஸில் தன் டிக்கெட் நம்பரை முன்சீட்டுக்காரர் டிக்கெட்டோடு ஒப்பிடுவார். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு ஒரு கண்ணை மூடி ஜெபிப்பார்; இன்னொரு கண் மெழுகுவர்த்தியின் மேல் இருக்கும். "மாதா மேல நம்பிக்கை கீது. மெழுகுவத்தி எடுக்கறவன் மேலதான் இல்ல."

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் நீரஜா புது சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி வந்தாள்.

"அங்கிள், இனிமே நீங்க அலைய வேண்டாம். விடுதி, பட்டு, டாக்டர்னு தேடற வார்த்தையெல்லாம் தனித்தனியா அடுக்கி வச்சுக்கலாம். இடம் ஏறினா பச்சை அம்பு, இறங்கினா சிவப்பு. எந்தத் தேதில எங்க இருந்ததுன்னு கோடு போட்டும் காட்டும். ஆளே வேண்டாம், தானே பாத்துக்கும்."

"தானே பாத்து, தானே எழுதி, கையெழுத்தும் தானே போட்டுக்குமா?"

நீரஜா சிரித்தாள். 'ஆளே வேண்டாம்' என்ற சொல் காதிலேயே நின்றதால் பவுல்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடியேற்றத்துக்கு மனைவி ஆனியோடு வேளாங்கண்ணிக்குப் போனார். பதினோரு நாள் திருநாளும் முடிந்து திரும்பினால், பேகத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அம்பு. இருபத்து மூன்றாம் இடம். பேகம் போனில் சொல்லியிருந்தாராம்: "இருபத்து நாலாந்தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நானே பாப்பேன்மா. மொதப் பக்கத்துல நம்ம பேரு இல்லேன்னா, இத்தோட நிறுத்திக்கலாம்." கம்பெனியின் பெரிய வாடிக்கையே அந்த விடுதிதான். அது போனால் பவுல்சாமியின் நாற்காலியும் போகும்.

முதலில் சாஃப்ட்வேரைச் சந்தேகித்தார். கையால் தேடிப் பார்த்தார். அதே இருபத்து மூன்று. பிறகு கொட்டிவாக்கத்துப் போட்டி விடுதியைச் சந்தேகித்தார். கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் அக்பர் பாஷாவைப் பிடித்தார்.

"நான் இல்லாதப்போ இத்தத் தொட்டியா?"

"தூசியத்தான் தொட்டேன், நைனா. அதையும் நோட்டுல எழுதிக்கோ."

பழையபடி தினமும் எட்டுத் தடவை பார்க்கத் தொடங்கினார். பத்தொன்பது, பதினொன்று, ஆறு என்று பெயர் ஏறியது. புதன்கிழமை, சாஃப்ட்வேர் போட்ட கோட்டைப் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் தன் நோட்டை விரித்து வைத்தார். நோட்டில் எந்தத் தேதிகள் காலியோ, அந்தத் தேதிகளில்தான் கோடு சரிந்திருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு நீரஜாவின் மேசைக்குப் போனார்.

"ஏம்மா, எத்தினி பேரு உள்ள போறாங்கன்னு இந்த சர்ச் என்ஜின் எண்ணுதா?"

"ஆமா அங்கிள். நிறைய பேர் திறந்தா மேல ஏத்தும். ஏன்?"

"தினம் எட்டு தபா நான்தாம்மா தொறக்கறேன்."

நீரஜா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "பீச் ரூம் தேடறவாளே ஒரு நாளைக்கு நாலு பேர்தான் இருப்பா. வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க பாட்டுக்குத் திறந்துண்டே இருங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

வீட்டில் ஆனியிடம் சொன்னார். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "ஊர்ல ஒருத்தனையும் நீ சந்தேகப்படாம விடல. மெழுகுவத்தி எடுக்கறவனையும் விடல. இப்ப இன்னா சொல்ற?"

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டு வேலைக்கு வராமல் இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து, சிலுவை போட்டுக்கொண்டு முதல் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து தேடினார். பேகத்தின் பெயர் பத்தாம் இடத்தில், முதல் பக்கத்தின் கடைசி வரியில் இருந்தது. இன்னும் ஒரு படி இறங்கினால் அடுத்த பக்கம். மவுஸின் அம்பு பெயரின் மேல் போய் நின்றது. தன் மேசையிலிருந்து நீரஜா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவுல்சாமி மவுஸிலிருந்து வலது கையை எடுத்தார். அதைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டார். பிறகு இடது கையால் பென்சிலைப் பிடித்து, கோணல் மாணலாக நோட்டில் 'பத்து' என்று எழுதினார்.